பதிலில்லாத தட்டல்

அம்மாவுக்குக் கப்பலைப் பார்க்கும் ஆசையெல்லாம் இல்லை. அப்பாவுக்கு ஒரு பதில் பாக்கி இருந்தது. அதற்காகத்தான் வந்தாள்.

துறைமுகத்தில் கட்டிவைத்திருந்த பழைய போர்க்கப்பல் இப்போது அருங்காட்சியகம். பீரங்கியில் சாய்ந்து ஒரு புது ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. “கொஞ்சம் சிரிங்களேன், சண்டைக்கா போறோம்?” என்று மனைவி கணவனைச் சீண்டினாள். அம்மா தலை குனிந்து அவர்களைக் கடந்தாள்.

அப்பா இதன் எஞ்சின் பகுதியில் வேலை பார்த்தவர். நான் அம்மா வயிற்றில் இருந்தபோது அடிப்பக்கம் உடைந்து தண்ணீர் புகுந்தது. கப்பலைக் காப்பாற்ற, அடித்தளத்தின் இரும்பு மூடியை மேலிருந்து இறுக்கினார்கள். அப்பா கீழே இருந்தார். உடைப்பு வழியாக உடலையும் கடல் கொண்டுபோயிற்று.

எஞ்சின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் கீழே இருப்பவர் குழாயில் ஒருமுறை தட்டுவார்: இங்கேதான் இருக்கிறேன். மேலிருந்து இரண்டு தட்டல் வந்தால், மேலே வா. அது வராமல் இடத்தை விட்டு அசையக் கூடாது. விடுமுறையில் வந்தால் வீட்டிலும் அதே விளையாட்டு. குளியலறைச் சுவரில் அப்பா ஒருமுறை தட்டுவார். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியால் இரண்டு தட்டுவாள்: சாப்பாடு ஆறுது, வாங்க.

மூடியை இறுக்கிய அன்று அப்பா வெகுநேரம் தட்டினாராம். யாரும் திருப்பித் தட்டவில்லையாம்.

எஞ்சின் அறைக்கு இறங்கினோம். எண்ணெய் வாடை. மங்கிய விளக்கு. தரையில் அந்த மூடி.

“அதை மட்டும் திறக்கிறதில்லைம்மா,” என்றார் வழிகாட்டி.

“திறக்க வேணாம் தம்பி. கொஞ்ச நேரம் எங்களைத் தனியா விடுங்க.”

அவர் போனதும் அம்மா மண்டியிட்டுக் குழாயில் காதை வைத்தாள்.

டொக்.

“அம்மா, கப்பல் ஆடுது, அதான்...”

“உங்கப்பா தட்டுறது எனக்குத் தெரியாதாடி?”

டொக்.

பையிலிருந்து வீட்டுக் கரண்டியை எடுத்தாள். குழாய்மேல் ஓங்கினாள்.

“போதுங்க. வேலை முடிஞ்சிடுச்சு. நிம்மதியாப் போங்க.”

டொக் டொக்.

மூடி அசையவில்லை. ஆனால் அதன் அடியில் ஈரக் காலடி ஒன்று ஏணியில் ஏறியது.

ஏறிக்கொண்டே இருந்தது.

என் கன்னத்தருகே உப்பும் எண்ணெயும் கலந்த குளிர் வந்து நின்றது. நகரவில்லை. என்னை யாரென்று தெரியவில்லை போலும்.

“நம்ம பொண்ணுதாங்க,” என்றாள் அம்மா, மிக மெல்ல.

குளிர் விலகியது.

“போயிட்டார்டி,” என்று வழியெல்லாம் அழுதாள். இத்தனை வருஷம் மூன்று பேருக்கு உலை வைத்தவள் அன்று மாலை இரண்டு பேருக்கு மட்டும் வைத்தாள்.

குளியலறைச் சுவரில் ஒரு சத்தம்.

டொக்.

அம்மாவின் முகம் வெளுத்தது. இரண்டு தட்டலுக்கு, ‘மேலே வா’ என்றுதான் அர்த்தம். போ என்று சொல்ல அதில் வழியே இல்லை. அவரும் வந்துவிட்டார்.

கதவைத் திறந்தோம். யாருமில்லை. தரை காய்ந்து கிடந்தது.

“திருப்பித் தட்டுங்கம்மா,” என்றேன்.

“தட்டினா வெளியே வந்திடுவார். வந்தவரை நான் எந்த வாயால போகச் சொல்வேன்?”

கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குளியலறைக் கதவில் அப்பாவின் பழைய துண்டை மட்டும் போட்டுவைத்தாள். தட்டல் நிற்கவில்லை. நாங்கள் பதில் தரவுமில்லை. எப்போது தூங்கினேனோ தெரியாது.

விடியலில் அந்தத் துண்டு என்மேல் போர்த்தியிருந்தது.

நனைந்து, உப்புப் பூத்து. ஓரத்தில், எண்ணெய்க் கறுப்பாக, நான்கு விரல் தடங்கள்.