நான்கு ஓலைகளில் ஒரு தழும்பு

"டம்! டம்! டம்!" என்று கோட்டை வாயில் முரசு திடீரென்று அதிர, பெண்ணையாற்று மணல்திட்டில் ஒதுங்கியிருந்த நாரைகள் ஒருசேரச் சிறகடித்து எழுந்தன. மேற்கே அந்திச் செம்மை ஆற்று நீரில் கரைந்துகொண்டிருந்தது; கிழக்கே முழுமதி எழ இன்னும் அரை நாழிகையே இருந்தது.

"தேவி, இன்னொரு தூதர்!" என்று சாளரத்தில் நின்ற தோழி மயிலி கூவினாள்.

"வரட்டும். அவரும் அதே பாட்டைத்தான் சுமந்து வருவார்!" என்று இளவரசி வரகுணவல்லி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

அன்புள்ள வாசகர்களே, வெண்குன்றக் கோட்டை இளவரசியின் எரிச்சலுக்குத் தக்க காரணம் இருந்தது. அரசராயினும் வீரராயினும், பிறர் சொல் ஒன்றும் திருடாத ஓலையை அனுப்புகிறவருக்கே மாலையிடுவேன் என்று அவள் சபதம் செய்திருந்தாள். தந்தை சேந்தன் வேள் இசைந்தார். ஆனால் கெடுவும் வைத்தார். முழுமதி மதிலுக்கு மேல் வருவதற்குள் அவள் ஒருவரைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ஓலை அனுப்பியவர்களில் யானைப்படை மிகுந்தவருக்கே அவளைக் கொடுத்துவிடுவார். அந்த அரசருக்கு யானைகள் நானூறு, பற்கள் நான்கு.

வந்த ஓலைகளும் நான்கு. நான்கிலும் ஒரே பாட்டு!

'வானில்எழும் பிறைநிலவு வளர்ந்து தேயும்;
வலக்கன்னத் தழும்புப்பிறை தேய்வ தில்லை!'

இளவரசியின் கன்னத்திலோ தழும்பு என்று ஒரு கீறல்கூடக் கிடையாது. முதல் ஓலையை மயிலி பாதி படித்தபோதே இளவரசி முகம் சிவந்து மீதியைச் சொல்லி முடித்தது மட்டும் மயிலிக்கு இன்னும் விளங்கவில்லை.

"மூன்றாம் அரசர் கொஞ்சம் உழைத்திருக்கிறார், தேவி. வலக்கன்னத்தை இடக்கன்னமாக மாற்றிவிட்டார்."

"திருடிய மாட்டின் கொம்புக்கு வர்ணம் பூசியிருக்கிறார்! இத்தனை புலவர்களுக்குச் சோறு போடுகிறார்களே, ஒருவருக்காவது சொந்தமாக ஓர் அடி வரக்கூடாதா?"

"எல்லாரும் எடுத்தாள்வதுதானே? மதிமுகம், கயல்விழி என்று முதலில் சொன்னவர் யாரென்று யாருக்குத் தெரியும்?"

"மதியும் கயலும் ஊருக்குப் பொது, மயிலி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும். இந்தத் தழும்பு ஒருவருக்கே உரியது!" என்ற இளவரசி சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது தூதர் உள்ளே வந்தார். நெடிய உருவம், தலைப்பாகையின் தொங்கல் பாதி முகத்தை மறைத்திருந்தது. பேசாமல் ஓலைக் குழலை நீட்டினார். மயிலி பிரித்தாள், திருப்பினாள், விளக்கருகே பிடித்துப் பார்த்தாள்.

"தேவி, இது வெற்றோலை!"

"நன்று! நால்வருக்குத் திருடத் தெரிந்தது; உம் அரசருக்கு அதுவும் தெரியவில்லையா?"

"எனக்கு அரசர் எவரும் இல்லை, தேவி. என் பொருட்டே வந்தேன்" என்றார் அவர். "எனக்குப் பாட்டுப் புனைய வராது. எனக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. அது பிறர் எழுதியது. அதை என்னுடையதென்று நீட்ட மனம் ஒப்பவில்லை."

"அப்பாடா! திருட்டே இல்லாத ஓர் ஓலை!" என்று மயிலி கைகொட்டினாள்.

இளவரசி சிரிக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டதுமே இருக்கையை விட்டு எழுந்திருந்தாள்.

"தலைப்பாகையை எடும்" என்றாள்.

அவர் எடுத்தார். கீழ்வானில் தலைகாட்டிய முழுமதியின் முதல் ஒளியில், அவருடைய வலக்கன்னத்தில் பிறைபோல் வளைந்த பழைய வாள்தழும்பு ஒன்று மின்னியது.

"மன்னிக்க வேண்டும், தேவி, தாங்கள் எழுதித் தந்த பாட்டைப் பகைவர் சிறையில் மூன்றாண்டுகள் உரக்கப் பாடிவிட்டேன்; காவலர்கள் கேட்டு மனப்பாடம் செய்து நாடெங்கும் பரப்பிவிட்டார்கள்!"