பூஜை போட்ட கொக்கி

சங்கிலி விறைப்பாக நின்றது. விருமாண்டியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். சுமை மாட்டாத சங்கிலி காற்றுக்கே சலசலக்கும், விரலால் தொட்டால் நெளியும். ஆயுத பூஜைக்காக மில் மூடிக்கிடந்த அந்தச் சாயங்காலம், எஞ்சின் கொட்டகையின் இரும்பு உத்தரத்திலிருந்து இறங்கிய சங்கிலியோ, பெரிய பாரம் ஒன்றைச் சுமப்பதுபோல ஒவ்வொரு வளையமும் இறுகி நேர்கோடாக நின்றது. நுனியில் சந்தனம் பூசிய கொக்கி. அதில் ஒரு செவ்வந்திச் சரம். வேறு சுமை எதுவுமில்லை.

காலையில் யாராவது கீழே இழுத்துக் கட்டியிருப்பார்கள் என்று குனிந்து பார்த்தான். கட்டும் இல்லை, கயிறும் இல்லை.

அந்தக் கொக்கியை அவனுக்கு நன்றாகத் தெரியும். போன மாசம் கொதிகலன் மூடியைத் தூக்கும்போது அதன் வாய் விரிந்து, கீழே நின்ற கூட்டுவேலைக்காரன் வெள்ளைத்துரை மேல் மூடி விழுந்தது. ஆளை அள்ளித்தான் எடுத்தார்கள். வாய் விரிந்த கொக்கியைப் பழைய இரும்போடு போட்டுவிட வேண்டும். பாரம் தூக்கும் எவனைக் கேட்டாலும் இதைச் சொல்வான். சோலை மேஸ்திரி அதை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து மூடி, மறுபடி மாட்டிவிட்டார். வளைவில் மயிரிழையாக ஓடிய விரிசல், இன்று அப்பிய சந்தனத்துக்கு அடியில் மறைந்துபோயிற்று. நாளைக் காலையில் அதில்தான் எஞ்சின் சக்கரம் ஏறப்போகிறது. அடியில் நின்று சக்கரத்தைத் திருப்பப்போகிறவன் சோணைமுத்து, விருமாண்டியின் தங்கை அன்னக்கொடியைக் கட்டியவன்.

"வேணாம்ணே, இது ஆளத் தின்ன கொக்கி" என்று விருமாண்டி காலையிலேயே மேஸ்திரியிடம் சொல்லிப் பார்த்தான்.

"பூசை போட்ட சாமான்டா. நாளைக்கு மறுபூசை முடியிற வரைக்கும் எவனும் தொடப்படாது. சாமி பாத்துக்கிரும்" என்றார் மேஸ்திரி.

சாமியா வந்து கீழே நிற்கப்போகிறது? விருமாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனால் போகட்டும், தெய்வக் குத்தம் வந்தால் வரட்டும் என்றுதான் இரும்பறுக்கும் ரம்பத்தோடு பின்வாசல் வழியாக நுழைந்திருந்தான்.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே கற்பூரமும் பொரியும் எஞ்சின் எண்ணெயும் கலந்து மணத்தன. அவற்றுக்கும் அடியில், யாரோ பக்கத்தில் நின்று வாயைத் திறந்ததுபோல, வெற்றிலையும் புகையிலையும் கலந்த எச்சில் வாடை. மேலே சங்கிலி மெல்ல முனகியது. பாரம் ஏறும்போது மட்டுமே இரும்பு எழுப்பும் சத்தம் அது. அவனுக்குப் பயம்தான், இல்லையென்று சொன்னால் பொய். ஆனாலும் அவன் நகரவில்லை.

சந்தனத்தைச் சுரண்டி, விரிசலில் ரம்பத்தை வைத்தான். கொக்கி வெதுவெதுப்பாக இருந்தது. ஆள் கை மாதிரி. அறுத்தான். வியர்வை கண்ணில் இறங்கியது. நிறுத்தாமல் அறுத்தான். பாதி அறுப்பதற்குள் கொக்கி தானே முறிந்து தரையில் விழுந்தது.

சங்கிலி துள்ளியிருக்க வேண்டும்.

துள்ளவில்லை. அதே விறைப்பு.

டக்.

மேலே பல்சக்கரம் ஒரு பல் நகர்ந்தது. ஒரு வளையம் மேலேறியது. இழுக்க வேண்டிய கைச்சங்கிலி சுவரோரம் அசையாமல் கிடந்தது.

"மச்சான்! இருட்டுல இங்க என்ன பண்றீங்க? அன்னக்கொடி தேடுறா."

வாசலில் சோணைமுத்து. ஒரு கால் உள்ளே.

"வராத மாப்ள! கால எடு!"

டக். சங்கிலி மெல்லச் சாய்ந்தது. வாசல் பக்கமாக.

விருமாண்டி பாய்ந்து அதன் நேர் அடியில் நின்றான். நெஞ்சை நிமிர்த்தினான்.

"வெள்ளைத்துரையா இருந்தாலும் சரி, வேற எந்த எழவா இருந்தாலும் சரி. இவன ஒனக்குத் தரமாட்டேன். போ!"

சங்கிலி நேராக வந்து நின்றது. அவன் தலைக்கு மேலே.

டக்.

விருமாண்டியின் குதிகால் தரையை விட்டு எழும்பியது. பிறகு பெருவிரல். தோளை எதுவும் பிடிக்கவில்லை. கழுத்தை எதுவும் சுற்றவில்லை.

"ஓடு மாப்ள!"

டக். டக்.

சோணைமுத்து ஓடவில்லை. காலை வெளியே இழுத்துக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி பார்த்தான். உத்தரத்தை நோக்கி ஏறிக்கொண்டே மச்சான் கெட்ட வார்த்தையில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கும் சங்கிலிக்கும் நடுவில் ஒரு முழம் வெறும் காற்று.