இரண்டு முறை இழுத்தால்

டிப் ராடின் அடிப்பக்கத்தில் விரல் பட்ட தடம் இருந்தது.

விடியற்காலையில் பெட்ரோல் பங்குக்குள் முதல் வண்டி நுழைவதற்கு முன், தரைக்கடியில் இருக்கும் பெட்ரோல் தொட்டிக்குள் அந்த நீளமான அளவுக் கம்பியை இறக்கி எடுப்பது அவள் வேலை. நுனியில் பேஸ்ட் தடவி இறக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் புகுந்திருந்தால் பேஸ்ட் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்படிச் சிவந்தால் அடியிலிருந்து ஒரே மட்டமாகப் பட்டை போட்டதுபோல் சிவக்கும். இன்று அப்படி இல்லை. ஒரு பக்கம் நான்கு சிவப்புத் தீற்றல்கள், மறுபக்கம் அகலமாக ஒன்று. யாரோ ஈரக் கையால் கம்பியைப் பற்றியிருந்தார்கள்.

தன் கைதான் பட்டிருக்கும் என்று முதலில் நினைத்தாள். விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அவளுடையது சின்னக் கை, தடத்தில் பாதிக்குத்தான் வந்தது. நான்கு தீற்றல்களில் முதலாவது மட்டும் மற்றவற்றைவிடக் குட்டை. அவள் கணவனுக்கு வலது கை ஆள்காட்டி விரலில் நுனிக் கணு கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே ஒரு கடை ஷட்டரில் நசுங்கிப் போனது.

கம்பியைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பேஸ்ட் தடவி இறக்கினாள். குழாய்க்குள் கம்பி உரசிக்கொண்டு போகும் சத்தம், பெட்ரோல் வாடை, எங்கோ ஒரு நாய் குரைப்பது, எல்லாம் தினமும் உள்ளதுதான். கம்பி அடியைத் தொட்டு நின்றது. மேலே இழுத்தபோது கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது. தூக்கத்தில் இருக்கும் பிள்ளையின் கையிலிருந்து பொம்மையை எடுக்கும்போது வருமே, அந்தத் தாமதம்.

மறுபடி ஐந்து தடம்.

மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். அவருக்குச் சிவப்பு தெரிந்தது, விரல் தெரியவில்லை. "மழைத் தண்ணி இறங்கியிருக்கும்மா. காலி பண்ணிக் கழுவிட வேண்டியதுதான்." கொஞ்சம் தயங்கினார். "வெளியில காவல் நிக்க வேற ஆளைப் போட்டுக்கட்டுமா?"

"வேணாம் சார். நானே நிக்கிறேன்."

தொட்டிக்குள் ஆள் இறங்கும்போது வாய்க்கு வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். உள்ளேயிருப்பவர் ஒருமுறை இழுத்தால் சரி, இரண்டு முறை இழுத்தால் மேலே தூக்கு. போன மழைக்காலத்தில் இதே தொட்டியின் வாயில் அவள்தான் நின்றாள். உள்ளே இறங்கியது அவள் கணவன். அவனும் இதே பங்கில்தான் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தான். கழுவ வரவேண்டிய ஆள் வரவில்லை. அரை மணி நேர வேலைதானே என்று மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு இவன் கிளம்பிவிட்டான். மேனேஜரும் தலையாட்டிவிட்டார். வாயுவைச் சோதிக்கவில்லை, காற்றடிக்கும் மெஷினும் இல்லை.

"என் உயிர் உன் கையில இருக்கு குருவி. மூக்கு அரிச்சாக்கூடச் சொறியாத" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான். அவளைக் குருவி என்று அவன் ஒருவன்தான் கூப்பிடுவான். அதுவும் தனியாக இருக்கும்போது மட்டும்.

உள்ளே கயிறு குழாயில் சிக்கியது. எரிச்சலில் இடுப்பிலிருந்து கழற்றி மேலே அனுப்பிவிட்டான். கொஞ்ச நேரத்தில் முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். "குருவி, கயிறு போடு." போட்டாள். கயிறு அவன் கையிலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவன் விரல்கள் விரிந்தன, மூடின, விரிந்தன, மூடின. அந்த ஒரு சாண் தூரத்தை அவனால் கடக்க முடியவில்லை.

அவள் வலது காலை ஏணியில் வைத்தாள். அப்போதுதான் சுவரில் எழுதிப் போட்டிருந்த வாசகம் நினைவுக்கு வந்தது. தொட்டிக்குள் விழுந்தவனைத் தூக்கப் போகிறவன்தான் இரண்டாவது பிணம். காலை எடுத்துவிட்டாள். தொண்டை கிழியக் கத்தினாள். மாஸ்க்கோடு ஆட்கள் வந்தபோது அந்த விரல்கள் மூடியபடியே இருந்தன.

அவள் செய்தது சரி. சரியென்று எல்லோரும் சொன்னார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதுபோல, அதன் பிறகு பங்கில் பாதுகாப்பு வகுப்பு தவறாமல் நடந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் மேனேஜர் அவளை எழுந்து நிற்கச் சொல்வார். "இவங்க மட்டும் இறங்கியிருந்தா அன்னைக்கு ரெண்டு உசிரு. ஒரு பொண்ணு அநாதை." எல்லோரும் கைதட்டுவார்கள். கைதட்டி முடியும்வரை அவள் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மகள் கைதட்டவில்லை. தலை பின்னிக்கொள்ளும்போது தினமும் ஒரே கேள்விதான். "நீ உள்ள இறங்க மாட்டல்லம்மா?"

"மாட்டேன்டி கண்ணு."

தொட்டியைக் காலி செய்து கழுவும் நாள் வந்தது. இந்தமுறை எல்லாம் முறைப்படி நடந்தது. வாசலில் சங்கிலி கட்டினார்கள், பம்புகளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினார்கள், செல்போன்கள் ஆபீஸ் மேஜை டிராயருக்குள் போயின. காற்றடிக்கும் மெஷின் மதியம் முழுக்க உறுமியது. வாயுவை அளந்து, போகலாம் என்று ஆன பிறகே, தொட்டி கழுவுகிறவன் மாஸ்க்கும் இடுப்புப் பட்டையும் மாட்டிக்கொண்டு வந்தான். தொட்டி வாயின்மேல் நிறுத்திய முக்காலியில் கப்பி வழியாகக் கயிறு ஓடியது.

"அக்கா, பாத்து. நீங்க தூங்கிட்டா நானும் தூங்கிடுவேன்" என்று கேலி பேசிவிட்டு இறங்கினான்.

அவள் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேகம் கவிந்து வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கீழே தேய்க்கும் சத்தம் கேட்டது. அடிக்கடி ஒருமுறை இழுப்பான், அவளும் ஒருமுறை இழுப்பாள். சரி. சரி. அந்த ஒழுங்கில் அவள் மூச்சுகூடக் கொஞ்சம் இறங்கியது.

இரண்டு இழுப்பு.

மேனேஜர் ஓடி வந்து கை கொடுத்தார். இருவரும் சேர்ந்து இழுத்து மேலே கொண்டுவந்தார்கள். அவன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு முறைத்தான். "பாதி வேலைல எதுக்குத் தூக்கினீங்க?"

"நீதானே ரெண்டு தரம் இழுத்த?"

"நான் இழுக்கலையே அக்கா." முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாகச் சொன்னான். "உள்ள ஏதாச்சும் பறவை மாட்டியிருக்கா? குருவி குருவின்னு யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு. டார்ச் அடிச்சுத் தேடினேன். ஒண்ணையும் காணோம்."

அவள் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மேனேஜர் முகம் வெளுத்தது. வாயு மண்டைக்கு ஏறியிருக்கும் என்று பயந்து, அவன் தோளைப் பிடித்து ஆபீசுக்குள் கூட்டிக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்து, "இன்னைக்கு இது போதும். நீங்க இங்கயே நில்லுங்க, மூடி போட ஆளோட வரேன்" என்றார். திறந்திருக்கும் தொட்டியைத் தனியே விடக்கூடாது. அதுவும் விதிதான்.

தூறல் ஆரம்பித்தது. அவன் பட்டையிலிருந்து கழற்றிய கயிற்றின் நுனி, தொட்டி வாயின் விளிம்பில் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நழுவி உள்ளே விழுந்தது. கப்பி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மறுமுனை இன்னும் அவள் கையில் இருந்தது.

ஒன்று.

இரண்டு.

உள்ளே யாரும் இல்லை. அவளுக்குத் தெரியும். அவனை எரித்த இடத்தில் நின்று பார்த்தவள் அவள். ஆனாலும் கயிறு விறைத்து நின்றது.

"குருவி. கயிறு போட்டுட்டியா?"

அவள் அழுதாள். எத்தனை கைதட்டலுக்கும் வராத அழுகை. "போட்டுட்டேங்க. பிடிச்சுக்கங்க."

உள்ளே இறங்கக் கூடாது என்றுதான் விதி. மகளுக்குக் கொடுத்த வாக்கும் அதுதான். இழுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

இழுத்தாள். கனத்தது. அந்தக் கனம் அவளுக்குத் தெரியும். ஒரு காய்ச்சலின்போது குளியலறைவரை அவனைச் சுமந்திருக்கிறாள். இழுத்தாள். கப்பி கிறீச்சிட்டது. பெட்ரோல் வாடை குப்பென்று ஏறியது. காலித் தொட்டியில் ஏது வாடை?

இருட்டிலிருந்து ஒரு கை மேலே வந்தது.

விரல் நுனிகளில் சிவப்பு. ஆள்காட்டி விரல் குட்டை.

கயிறு திடீரென்று லேசானது. அவன் விட்டுவிட்டான். கை மட்டும் அந்தரத்தில் நின்றது. விரல்கள் விரிந்தன. மூடின. விரிந்தன. அவள் ஈரச் சிமெண்டில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். ஒரு சாண். அரைச் சாண்.

பிடித்துவிட்டாள்.

"வந்துடுங்க" என்றாள். "போதும். மேல வந்துடுங்க."

கை ஜில்லென்றிருந்தது. இறுகியது. அவன் ஏறவில்லை.

அவள் முழங்கை விளிம்பைத் தாண்டியது. பிறகு தோள். ஆபீஸ் டிராயருக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் கூப்பிடுவாள். ஆபீஸ் கதவு திறந்துதான் இருக்கிறது. ஒரு சத்தம் போட்டால் போதும், மேனேஜர் ஓடி வருவார், தொட்டி கழுவ வந்த பையனும் வருவான். ஓடி வந்து குனிவார்கள். கையை நீட்டுவார்கள்.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

போன் நின்று, மறுபடி அடித்தது. மழை வலுத்தது. தொட்டியின் விளிம்பில் அவள் வலது கால் மட்டும், விரல்களை மடக்கிச் சிமெண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.