இருபதில் திறக்கும் குழல்

கம்பிவடத்தில் தொங்கிப் போய்க்கொண்டிருந்த வடவூர்தி ஒரு குலுக்கலுடன் அந்தரத்தில் நின்றது. அடுத்த நொடி சஷ்டிகாவின் மணிக்கட்டுப் பட்டை மூன்று முறை அதிர்ந்தது.

மூன்று அதிர்வு என்றால், மூன்று மீட்டருக்குள் யாருடைய பைக்குழலோ திறந்துகொண்டது என்று அர்த்தம். அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் அவளைத் தவிர இருந்தது ஒரே ஒருவர். எதிர் இருக்கையில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் ஏதோ பம்ப் கம்பெனியின் அடையாள அட்டை. பெயர் நவநீதன். பதவி ஸ்டோர் கீப்பர்.

அவர் கை சாப்பாட்டுப் பைக்குள் போனது. வெளியே வந்தபோது அதில் குழல் இருந்தது.

"கையெ வெளிய வைங்க அம்மணி. ரண்டு கையும்."

உச்சி வெயில். கண்ணாடித் தரைக்குக் கீழே அறுபது அடியில் குளத்துத் தண்ணீர் பளபளத்தது. சஷ்டிகா இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்தாள்.

கோயமுத்தூரில் பைக்குழல் இல்லாமல் வீட்டைவிட்டு இறங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் துப்பாக்கி. இரண்டு குழல், இரண்டு குண்டு. ஆனால் விசையை எவ்வளவு அழுத்தினாலும் சும்மா சுடாது. வைத்திருப்பவர் உண்மையிலேயே பயப்பட வேண்டும். நாடித்துடிப்பையும் தோலின் வியர்வையையும் அளந்து, மணிக்கட்டுப் பட்டை பயத்துக்கு ஓர் எண் போடும். அறுபதைத் தொட்டால்தான் பூட்டு திறக்கும். பயந்தவர் மட்டுமே சுட முடியும் என்பதால், சுட்டவர் குற்றவாளி ஆக முடியாது. வழக்கில்லை, வாய்தா இல்லை. திறந்த பூட்டே சாட்சி.

பன்னிரண்டு வருடமாக இந்தப் பூட்டுகளைப் பழுது பார்ப்பதுதான் சஷ்டிகாவின் பிழைப்பு.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். குழலின் பிடியில் சைக்கிள் ஹேண்டிலுக்குச் சுற்றும் பச்சை நாடா சுற்றியிருந்தது. அதன் ஓரத்தில் தீய்ந்த ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளியை அவளுக்குத் தெரியும். போன வாரம் பழுது பார்த்தபோது அவளுடைய பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்டு உண்டானது.



பராமரிப்பு நிலையத்தில் வாடிக்கையாளரும் பழுது பார்ப்பவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் மங்கல் கண்ணாடி. குரலையும் ஒலிபெருக்கி மாற்றிவிடும். கண்ணாடியின் அடியிலுள்ள துளை வழியே குழல் மட்டும் வரும், போகும். அந்தத் துளை வழியே தினமும் பத்துப் பேராவது கேட்பார்கள்: "கொஞ்சம் இறக்கி விடுங்களேன்." அறுபதை ஐம்பதாக்கு, நாற்பதாக்கு. சட்டப்படி தப்பு. ஆனால் எல்லா கவுன்டரிலும் நடப்பதுதான்.

போன வாரம் இந்த மனிதர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார். மனம் கேட்காமல் சஷ்டிகா இருபதுக்கு இறக்கிவிட்டாள். இருபது என்பது, படியில் கால் தவறினால் வருகிற பயம்.

"ஏனுங்ணா, ஊர்தி குலுங்குச்சு. அதுல பயந்துட்டீங்க. அவ்வளவுதான்."

"குலுங்கறதுக்கெல்லாம் இது தொறக்காதுங்க." குழலை ஆட்டிக் காட்டினார். "எதுக்கோ தொறந்திருக்குது. இங்க இருக்கறது நீங்க ஒருத்தருதான்."

"நான் என்ன பண்ணுனேன்?"

"இன்னும் பண்ணலீங்க. அதுக்கு முன்னாலயே சொல்லிருது பாருங்க, அதான் இதோட வெசேசம்." அவர் குரலில் நன்றி இருந்தது. "சர்வீஸ் பண்ணி ஒம்பது நாளாச்சு. பதினாலு தடவெ தொறந்திருக்குது. எங்க சூப்பர்வைசரு. பால்காரன். எம்பட மச்சான், இருபது வருசமா ஒரே தட்டுல சோறு தின்னவன். இத்தனை பேரு என்னெச் சுத்தி இருந்திருக்கறாங்க. ஒண்ணுமே தெரியாம இருந்திருக்கறன் பாருங்க!"

சஷ்டிகா தன் பட்டையைப் பார்த்தாள். மற்றவர்கள் பட்டையில் வெறும் விளக்குதான் உண்டு. பழுது பார்ப்பவர்கள் பட்டையில் எண்ணே தெரியும். நாற்பத்தாறு.

அவளுடைய குழல் தோள்பையில் இருந்தது. ஒழுங்காக அறுபதில். எண் அறுபதைத் தொட்டால் அது திறக்கும். திறந்தால் அவர் பட்டை அதிரும். அதிர்ந்தால் அவர் விரல் அழுத்தும். பயப்படக் கூடாது. இப்போதைக்கு உயிர் பிழைக்க அதுதான் ஒரே வழி.

ஐம்பது.

"அண்ணா, நான் ஒண்ணு சொல்றேன். கோவப்படாமக் கேளுங்க. மூணாம் நம்பர் கவுன்டர்ல கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்தது நான்தான். உங்க குழலை இருபதுக்கு இறக்கிவிட்டது நான்தான்."

"கதை விடாதீங்க."

"பஸ்ஸுல ஒருத்தன் உங்க சட்டையப் புடிச்சுத் தள்ளுனான். குழல் தொறக்கவே இல்ல. பக்கத்துல உங்க பொண்ணு நின்னுட்டிருந்துச்சு. 'அப்பா, நீங்க ஏன் பயப்படவே இல்ல'ன்னு கேட்டுச்சு. அதைச் சொல்லித்தானே அழுதீங்க?"

அவர் முகம் வெளுத்தது. குழலின் முனை அசையவில்லை.

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அதான் சொல்றேனே."

"இல்லீங்க. நீங்க என்னெப் பின்தொடர்றீங்க. அதான் தொறந்திருக்குது."

ஐம்பத்து மூன்று. சஷ்டிகா மூச்சை மெல்ல இழுத்து, மெல்ல விட்டாள்.

"சரி, என்னை நம்ப வேண்டாம். குழலையே கேட்டுப் பார்க்கலாம். பிடியோட அடியில, நாடாவுக்குக் கீழ ஒரு சின்ன திருகு மறை இருக்குது. வலப்பக்கமா ஒரு சுத்து சுத்துனா பத்து ஏறும். நாலு சுத்துக்கு அறுபது, சட்டம் சொல்ற கணக்கு. நெஜமாவே நான் ஆபத்துன்னா அப்பவும் அது மூடாது. மூடுச்சுன்னா நான் சொன்னது சரி. என்ன சொல்றீங்க?"

அவர் யோசித்தார். யோசிக்கிற மனிதர் சுட மாட்டார் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"முனையெ உங்க பக்கமே வெச்சுட்டுத்தான் சுத்துவேன்."

"வெச்சுக்கோங்க."

இடது கையால் வீட்டுச் சாவியை எடுத்து, நாடாவை நெகிழ்த்தி, மறையைத் துழாவினார். வலது சுட்டுவிரல் விசையிலேயே இருந்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று.

கூரையில் ஒலிபெருக்கி கரகரத்தது. "பயணிகள் கவனத்திற்கு. மின்தடை சரிசெய்யப்படுகிறது. தயவுசெய்து பதற்றப்பட வேண்டாம்."

ஊர்தி ஒருபக்கமாகச் சாய்ந்து ஆடியது. சாவி நழுவித் தரையில் விழுந்தது. அவர் "ஐயோ!" என்று கத்தினார். குழல் முனை அவள் நெற்றிக்கு ஏறியது.

ஐம்பத்தெட்டு.

"சாவி உங்க காலடியில கெடக்குது." தன் குரல் எங்கிருந்து வருகிறதென்றே அவளுக்குத் தெரியவில்லை. "எடுங்கண்ணா. இன்னும் ரண்டே சுத்துதான். உங்க பொண்ணு பேரென்ன?"

"மகிழினி."

"என்ன படிக்குது?"

"ஒம்பதாவதுங்க." குனிந்து எடுத்தார். "கணக்குல மட்டும் கொஞ்சம் மந்தம்." மூன்று சுற்று. "கையெழுத்து முத்து முத்தா இருக்கும்." நான்கு.

க்ளிக்.

பூட்டு மூடிக்கொண்டது. அவர் குழலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "ஆபத்து போயிருச்சுங்க!" என்றார்.

ஊர்தி நகர்ந்தது. இறங்குவதற்கு முன் சாப்பாட்டுப் பையிலிருந்து கடலை மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார். மறுக்காமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். 

அன்று மாலை நிலையத்தில் எல்லோரும் போன பிறகு, சஷ்டிகா தன் குழலை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐம்பத்தெட்டு. நெற்றிக்கு நேரே முனை வந்தபோதும் இது திறக்கவில்லை. அவர் சுட்டிருந்தால், பூட்டிய குழலோடு செத்திருப்பாள்.

திருப்புளியை எடுத்தாள். இடப்பக்கமாக நான்கு சுற்று. இருபது என்றால் என்னவென்று தெரியாதவர்கள்தான் ஏமாறுவார்கள். அவளுக்குத் தெரியும்.

மறுநாள் குக்கர் விசிலடித்தபோது திறந்தது. சிரித்துவிட்டாள். அதற்கு மறுநாள் காவல்காரர் பின்னாலிருந்து "மேடம்" என்று கூப்பிட்டபோது திறந்தது. சிரிக்கவில்லை. அவரை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள். மூன்றாம் நாள், பக்கத்து இருக்கைத் தோழி தும்மினாள். சஷ்டிகா நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை, மூன்றாம் நம்பர் கவுன்டரின் மங்கல் கண்ணாடிக்கு அப்பால் ஒல்லியான ஒரு நிழல் வந்து நின்றது. பச்சை நாடா சுற்றிய குழல் துளை வழியே உள்ளே வந்தது.

"நான்தானுங் அம்மணி. வடவூர்தில வந்தவன்."

"சொல்லுங்கண்ணா."

"நாலு நாளா ஒருக்காக்கூடத் தொறக்கலீங்க. யாரு நல்லவன், யாரு கெட்டவன்னே தெரிய மாட்டேங்குது. கண்ணெக் கட்டிக் காட்டுல உட்டாப்புல இருக்குதுங்க. வீட்ட உட்டு எறங்கவே பயமா இருக்குது. பத்துல வெச்சுக் குடுத்துருங்க."

"முடியாதுங்ணா. அன்னைக்கு என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல?"

"பாத்தனுங்க. அதுக்குத்தான் கேக்கறேன்." விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினார். "கொஞ்சம் மனசு வைங்க அம்மணி."

இழுப்பறைக்குள் இருந்த அவளுடைய குழல் க்ளிக் என்று திறந்தது.

சஷ்டிகா பட்டையைப் பார்த்தாள். இருபத்தொன்று. கண்ணாடியைத் தட்டிய சத்தத்துக்கு இருபத்தொன்று. அது வெறும் எண்; இருபதில் திறக்கும்படி திருகி வைத்ததும் அவளேதான். அவருடைய குழல் அவள் மேசைமேல் பூட்டிக் கிடக்கிறது. அவர் கையில் ஒன்றுமில்லை. எல்லாம் தெரிந்தது.

ஆனால் திறந்திருக்கிறதே.

அந்தப் பக்கம் அவர் பட்டை மூன்று முறை அதிர்ந்திருக்க வேண்டும். நிழல் திடுக்கிட்டது.

"யாருதோ தொறந்திருக்குதுங்க! உங்களுதுங்களா? என்னங்க ஆபத்து அம்மணி? யாரு வந்திருக்கறாங்க?"

அவர் பதறிப்போய், யாருமில்லாத கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குள் சஷ்டிகாவின் கை இழுப்பறையிலிருந்து வெளியே வந்துவிட்டது. கண்ணாடியின் மேல் அந்த நிழலின் நடுமுதுகு எங்கே விழுகிறதென்று அவள் கண்கள் அளந்தன. விரல் விசையைத் தேடிக்கொண்டிருந்தது.