பிந்தி வருகிற படம்

பொழுதுபட்ட பிறகுதான் அது தொடங்கும். பகல் முழுக்க ஒழுங்காக ஓடுகிற இணைய இணைப்பு, கோயில் மணி ஓய்ந்து, முற்றத்து மாமரத்தில் வௌவால்கள் சிறகடிக்கத் தொடங்கும் வேளையில் இளைத்துப்போகும். ஆரணி விசையை அழுத்துவாள். கணினி விளையாட்டுத் திரையில் அவளுடைய ஆள் அசையாமல் நிற்பான். ஒரு மூச்சு கழித்துத்தான் ஓடுவான். அதற்குள் யாராவது அவனைச் சுட்டு விழுத்தியிருப்பார்கள். அதுகூட அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. தேநீர் ஊற்றுவதற்காக எழுந்து போய்க் குசினிக்குள் நின்று எட்டிப் பார்த்தால், திரையின் மூலையில் தாமதத்தைக் காட்டும் எண் பச்சையாக இறங்கியிருக்கும். கோப்பையோடு வந்து உட்கார்ந்ததும் சிவப்பாக ஏறும். அவள் இருந்தால் மட்டும்தான் ஏறும்.

அன்றைக்கு அது ஏறக்கூடாது. கொழும்பில் நடக்கும் இறுதிச் சுற்றுக்கு எந்த அணி போவது என்று தீர்மானிக்கிற ஆட்டம் இன்னும் கொஞ்ச நேரத்தில் தொடங்க இருந்தது. அணியில் ஆரணி ஒருத்திதான் பெண். அந்த இடத்துக்காக அவள் நிறையப் பேச்சுக் கேட்டிருந்தாள், நிறைய நித்திரையை விட்டிருந்தாள்.

ஹெட்செட்டில் அணித்தலைவன் ஜெயசுதனின் குரல் வந்தது. அவன் தொண்டைமானாற்றில் தன் வீட்டிலிருந்து விளையாடுகிறவன்.

“ஆரணி, உன்ரை ஆள் திரும்பவும் நிண்டு நிண்டு ஓடுறான்.”

“தெரியுது. றவுட்டரை நிப்பாட்டித் திருப்பிப் போட்டும் பாத்திட்டன்.”

“வைஃபையிலையோ இருக்கிறாய்?”

“இல்லை, வயர் இழுத்துத்தான் குத்தியிருக்கிறன்.”

“சரிவராட்டி உனக்குப் பதிலா சுபாங்கனை இறக்கவேண்டி வரும். கோவிக்காதை.”

“பொறு. நான் கண்டுபிடிக்கிறன்.”

கொழும்பிலிருந்து வெகுதூரம் வடக்கே, திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் இருந்தது அந்த வீடு. நமசிவாயம் என்பவர் பனி கொட்டும் ரொறன்ரோவிலிருந்தபடியே கட்டி முடித்து, ஒருநாள்கூடப் படுத்தெழும்பாத வீடு. முன்பக்கத்தை ஆரணிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பகலில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை, மாலையில் இந்தப் பெரிய ஹோலில் அவள் தனிய. பின்பக்கத்து அறையொன்று எப்போதும் பூட்டியே கிடந்தது. அது நமசிவாயம் ஐயாவின் அறை. வந்தால் படுப்பதற்கென்று கட்டிலும் மெத்தையும் போட்டு வைத்திருந்தார்.

அவர் வரவில்லை. இருதயம் இருக்கிற நிலைக்கு விமானத்தில் ஏறவே கூடாதென்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். அதனால் கமரா பூட்டி, அங்கிருந்தபடியே வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோல் மூலையில் கூரையோடு ஒட்டினாற்போல வெள்ளையாக உருண்டு நிற்கும் அந்தக் கமராவுக்குள்ளிருந்து திடீரென்று இருமல் கேட்கும். பிறகு குரல். “பிள்ளை, கிணத்தடி லைட் வீணா எரியுது. நூத்துவிடும்.” முதல் முறை ஆரணி கோப்பையைப் போட்டு உடைத்துவிட்டாள். பிறகு சிரிப்பு வந்தது. பிறகு பாவமாக இருந்தது. அவரை அவள் நேரில் கண்டதே இல்லை. போன மாதம் அவர் செத்துப்போனார் என்று மகள் தனுசியா சொன்னபோது, ஆரணி கொஞ்ச நேரம் அந்தக் கமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். ரீவியை. மடிக்கணினியில் தானாக இறங்கும் அப்டேட்டுகளை. தன் போனின் வைஃபையை. எண் இறங்கவில்லை. றவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். உள்ளே வரும் தரவு மிகக் குறைவு. வெளியே போவதுதான் வழிந்துகொண்டிருந்தது. இந்த வீட்டுக்குள்ளிருந்து ஏதோ நிற்காமல் வெளியே போகிறது.

அவள் மெல்லத் தலையை உயர்த்தினாள்.

கமராவின் நெற்றியில் நீலப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. யாராவது பார்க்கும்போது மட்டும் எரிகிற புள்ளி அது.

எழுந்து குசினிப் பக்கம் நடந்தாள். வெளியே தூறல் ஓட்டில் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளே, தையல் மெசின் சக்கரம் ஒருதரம் உருண்டதுபோல ஒரு மெல்லிய உறுமல். கமரா திரும்பியது. வாசல்வரை அவளோடு வந்தது. அவள் குசினிக்குள் மறைந்ததும் நீலப் புள்ளி அணைந்தது. திரும்பி வந்தாள். எரிந்தது.

“ஆரணி, உங்கை ஆர் இருமுறது?” என்று ஹெட்செட்டில் கேட்டான் ஜெயசுதன்.

“என்ன?”

“உன்ரை மைக்கிலைதான் கேக்குது. வயசுபோன ஆளின்ரை இருமல் மாதிரி.”

“ஒருத்தரும் இல்லை. நான் தனியத்தான் இருக்கிறன்,” என்றாள். சொன்ன பிறகு அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பட்டது.

தனுசியாவுக்குப் போன் எடுத்தாள். அங்கே விடிந்திருந்தது, கார் ஓடும் சத்தம் கேட்டது.

“அக்கா, ஹோல் கமராவை நீங்களோ பாத்துக்கொண்டிருக்கிறியள்?”

“இல்லையே. நான் வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கிறன். ஏன்?”

“ஆரோ பாக்கினம். அதாலை கேமுக்கு லைன் போதாமல் கிடக்கு.”

“அது அப்பான்ரை ரப்லெட்டிலை மட்டும்தானே இருந்தது. அது சார்ஜ் இல்லாமல் என்ரை மேசை லாச்சிக்கை கிடக்கு.” கார் வேகம் குறைந்து ஓரமாக நிற்கும் சத்தம் கேட்டது. “ஆரும் களவா உள்ளிட்டிருப்பினம். பாஸ்வேர்ட் அனுப்புறன், நீரே எல்லாத்தையும் நிப்பாட்டிவிடும்.”

“எல்லாத்தையுமோ? ஹோலிலை ஒண்டுதானே இருக்கு?”

“பூட்டின அறைக்கையும் ஒண்டு இருக்கு. தன்ரை கட்டிலைப் பாக்கவேணும் எண்டு வச்சவர். அது பழசு, பிளக்கைக் கழட்டினால்தான் நிக்கும். சாவி மீட்டர் பெட்டிக்கு மேலை கிடக்கும்.”

போனில் கமராவின் செயலியைத் திறந்தாள். ஹோல் தெரிந்தது. மேலிருந்து பார்க்க, போனுக்குள் குனிந்திருக்கும் அவளும் தெரிந்தாள். கையை உயர்த்திப் பார்த்தாள். படத்திலிருந்தவள் உயர்த்தவில்லை. மூச்சை இழுத்து விட்டாள். அப்போதுதான் அவளுடைய கை உயர்ந்தது. படம் கடல் கடந்து எங்கோ இருக்கும் சேர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறது, அதனால் பிந்துகிறது. இது அவளுக்குத் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயம் ஒன்றாவது இருப்பது ஆறுதலாக இருந்தது.

படத்துக்குக் கீழே, இரண்டு பேர் பார்ப்பதாகக் காட்டியது. அதில் ஒருத்தி அவள்.

ஹோல் கமராவை நிறுத்தினாள். புள்ளி அணைந்தது. எண் விழுந்து பச்சையானது.

“ஆ, இப்ப நல்லா இருக்கு,” என்றான் ஜெயசுதன். “உப்பிடியே விடு, தொடங்கப்போகுது.”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, எண் ஏறியது. செயலியைப் பார்த்தாள். மற்றக் கமராவில் இப்போது ஒருவர்.

“ஒரு நிமிசம், வாறன்,” என்று ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள்.

சாவி துருப்பிடித்திருந்தது. கதவைத் தள்ளியதும் பூச்சி உருண்டையும் பழைய பஞ்சும் சேர்ந்த நெடி முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னால் குளிர். மழைக் குளிர் இல்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் முழங்காலில் இறங்குகிற வறண்ட குளிர். லைட்டைப் போட்டாள். நான்கு சுவருக்கு நடுவில், உறை கலையாத மெத்தையோடு கட்டில். எதிர்ச் சுவரோடு அலுமாரி. அலுமாரியின் தலையில் கமரா, வாசலைப் பார்த்தபடி. ஒருவரும் இல்லை. கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தாள். ஒருவரும் இல்லை.

கமராவின் வயர் அலுமாரிக்குப் பின்னால் இறங்கியது. வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, சுவர் இடுக்குக்குள் வலது கையைத் தோள்வரை விட்டுத் துழாவினாள். சிலந்தி வலை விரல்களில் ஒட்டியது. இடது கையில் போன். கமரா நின்றுவிட்டதா என்று பார்க்க அந்தப் படத்தைத் திறந்து வைத்திருந்தாள். படத்தில் அறை இன்னும் இருட்டாகவே கிடந்தது. கதவு சாத்தியே இருந்தது. இந்தக் கமரா மற்றதைவிட நன்றாகப் பிந்துகிறது என்று நினைத்தாள்.

முதுகுக்குப் பின்னால் டக் என்றது.

காற்று. கதவைக் காற்றுத்தான் சாத்தியிருக்கும்.

போனில் இப்போது கதவு திறந்தது. அவள் உள்ளே வந்தாள். லைட்டைப் போட்டாள். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். அலுமாரியை நோக்கி, கமராவை நோக்கி நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் திறந்து கிடந்த வாசலில், இன்னொருவர் வந்து நின்றார்.

வயதான ஆள். முழங்கால் வரை இறங்கும் தடித்த குளிர்ச் சட்டை. காதை மூடிய கம்பளித் தொப்பி. தோள்களில் பனி வெள்ளையாகக் கிடந்தது, உருகவில்லை. கால்களில் செருப்பில்லை. தன் வீட்டுக்குள் வருகிற மனிதரைப் போல அவசரமில்லாமல் உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். இரண்டு கைகளாலும் தாழ்ப்பாளைத் தூக்கிப் போட்டார்.

முன்பு முதுகுக்குப் பின்னால் கேட்ட அதே டக்.

ஆரணி அசையவில்லை. ஓட்டில் தூறல் விழும் சத்தம் நின்றிருந்தது. தன் மூச்சு கேட்டது. அது தன் மூச்சுத்தானா என்று நிறுத்திப் பார்த்தாள்.

படத்தில் அவர் திரும்பினார். கட்டிலைப் பார்க்கவேயில்லை. அதைக் கடந்து வந்தார். ஒரு அடி. பிறகு இன்னொன்று. படத்திலிருந்த ஆரணி இடுக்குக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

விரல்களில் பிளக் அகப்பட்டது.

இழுக்கலாம். இழுத்தால் படம் நின்றுவிடும். நின்றுவிட்டால், அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் போய்விடும். திரும்பிப் பார்க்கலாம். அதற்குக் கழுத்து விடவில்லை. பிளக்கைப் பிடித்தபடி நின்றாள்.

படத்தில் அவர் அவளுக்குப் பின்னால் வந்துவிட்டார். தொப்பி அவளுடைய தலைக்கு மேலே தெரிந்தது. குனிந்தார். கன்னம் அவள் தோளுக்கு வந்தது. வாய் அவள் காதுக்குப் பக்கத்தில் திறந்தது. கண்கள் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. மேலே, கமராவைப் பார்த்தன.

படம் அப்படியே உறைந்தது.

அவருடைய முகத்துக்கு நடுவில் ஒரு சின்ன வெள்ளை வட்டம் தோன்றி, சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது.