மூக்கு ஒட்டிய ராக்கெட்

கேரளத்தில் வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டில் அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சுதான். சனிக்கிழமை காலை பள்ளி மைதானத்திலிருந்து ராக்கெட் பறக்கப் போகிறது!

மனிதர்கள் ஏறிப் போகும் ராக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள். இது முழங்கை நீளம்தான் இருக்கும். அறிவியல் போட்டியில் பரிசாகக் கிடைத்த பெட்டிக்குள் துண்டு துண்டாக வந்தது. ஓர் அட்டைக் குழாய், சிவப்பு பிளாஸ்டிக் மூக்கு, மூன்று இறக்கைகள், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாராசூட். கூடவே ஒரே ஓர் இன்ஜின். அதாவது ஒரே ஒரு தடவைதான் விட முடியும். சொதப்பினால் போச்சு.

அதைக் கட்டும் பொறுப்பை பிரதீபா டீச்சர் இரண்டு பேரிடம் கொடுத்திருந்தார். ஒருத்தி ஆறாம் வகுப்பு மோனிஷா. இந்த ஜூனில்தான் தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்து வந்து சேர்ந்தவள். பெட்டியோடு வந்த செய்முறைத் தாள் இங்கிலீஷில் இருந்தது. அதை நன்றாகப் படிப்பாள் என்பதால் அவள்தான் கேப்டன். "கேப்டன்தான் பட்டனை அழுத்தணும்" என்று டீச்சர் சொன்ன நாளிலிருந்து, சோறு சாப்பிடும்போதுகூட அவள் கட்டைவிரலால் தட்டின் விளிம்பை அழுத்திப் பழகிக்கொண்டிருந்தாள்.

இன்னொருவன் பக்கத்து வீட்டு லோகேஷ். அதிகம் பேசமாட்டான். ஆனால் கைவேலையில் கெட்டிக்காரன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்து, மூக்கை மாட்டுவது மட்டும் பாக்கி இருந்தது.

"மூக்கை எப்படி மாட்டணும்னு தாள்ல என்ன போட்டிருக்கு மோனி?" என்று லோகேஷ் கேட்டான்.

"அந்தப் படத்து மேலதான் நீ பசையக் கொட்டி வச்சிருக்கியே! என்னத்தப் படிக்க?"

எஸ்டேட்டில் போன் பேசுவது சாதாரண விஷயமில்லை. கோயில் பக்கத்து மேட்டில் ஏறி, தெற்கே பார்த்து நின்றால் கொஞ்சம் ரேஞ்ச் கிடைக்கும். மோனிஷா அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். டீச்சருக்கு வீட்டில் மலையாளம். அவசரமாகப் பேசினால் தமிழோடு அதுவும் கலந்து வரும்.

"மூக்கா? மோனிஷா, மூக்கில் பசை ஒட்டும்..."

அவ்வளவுதான். லைன் போய்விட்டது.

மோனிஷா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "டீச்சர் மூக்கை ஒட்டச் சொல்லிட்டாங்க!"

லோகேஷ் தலையைச் சொறிந்தான். "ஒட்டிட்டா பாராசூட் எப்படி வெளிய வரும்? மேல போனதும் இன்ஜின் உள்ளுக்குள்ள புஸ்ஸுன்னு ஊதும், மூக்கு கழண்டுக்கிடும், அப்புறம் பாராசூட் விரியும்னுதான டீச்சர் சொன்னாங்க?"

நல்ல கேள்விதான். ஆனால் கேப்டனுக்கு அது அந்த நேரத்தில் பிடிக்கவில்லை.

"டீச்சரவிட உனக்கு அதிகமாத் தெரியுமோ? ஒட்டுன்னா ஒட்டு."

லோகேஷ் ஒட்டினான். சுற்றிலும் பசை தடவி, அழுத்திப் பிடித்து ஒட்டினான். எதையும் அரைகுறையாகச் செய்வது அவனுக்குப் பழக்கமில்லை.

மறுநாள் காலை பனி விலகுவதற்குள்ளேயே மைதானம் நிறைந்துவிட்டது. ஆட்கள் தள்ளி நிற்க, டீச்சர் சுற்றிலும் கயிறு கட்டினார். இன்ஜினைப் பொருத்தி, நடுவில் நட்டிருந்த கம்பியில் ராக்கெட்டை மாட்டினார். இறக்கைகளைச் சரிபார்த்துக்கொண்டே, "மூக்கு ஓகேயா?" என்று கேட்டார்.

"சூப்பரா இருக்கு டீச்சர்!" என்றாள் மோனிஷா.

அப்போது லோகேஷின் அம்மா சுருளியம்மாள் பெரிய கெட்டிலோடு வந்தார். கெட்டில் நிறையக் கொதிக்கக் கொதிக்கக் கட்டன்சாயா, அதாவது பால் ஊற்றாத டீ.

"டீச்சர், சீனி எத்தன கரண்டி போடட்டும்?"

"சீனி ஒட்டும் வேண்டா சேச்சி."

மோனிஷா சட்டென்று திரும்பினாள். "ஏ லோகேஷு, சீனி எப்படி ஒட்டும்?"

"ஐயோ, அது மலையாளம். 'ஒட்டும் வேண்டா'ன்னா கொஞ்சங்கூட வேண்டாம்னு அர்த்தம். ஏன் கேக்குற?"

அப்படியென்றால் நேற்று டீச்சர் சொல்ல வந்தது என்ன? மூக்கில் பசை கொஞ்சம்கூட வேண்டாம்! இவள் பாதியைக் கேட்டுவிட்டு முழுசாக ஒட்ட வைத்துவிட்டாள்.

"கேப்டன், வா!" என்று டீச்சர் கூப்பிட்டு, ஒயர் இணைத்த பட்டன் பெட்டியை அவள் கையில் கொடுத்தார்.

"பத்து! ஒன்பது! எட்டு!" மைதானமே கத்தியது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். பாராசூட் விரியாவிட்டால் ராக்கெட் கல் மாதிரி வந்து விழும். எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் இப்போது வாயைத் திறந்தால் இத்தனை பேரும் சிரிப்பார்கள். பட்டனும் போய்விடும்.

"ஆறு! ஐந்து!"

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "வேண்டாம் டீச்சர்! மூக்கு கழண்டு வராது. பசை போட்டு ஒட்டியிருக்கு!"

டீச்சர் ஓடிப்போய் ராக்கெட்டை எடுத்து மூக்கை இழுத்துப் பார்த்தார். அது அசையவே இல்லை.

"எல்லாம் லோகேஷ் வேலைதான்! மூக்கையே அடைச்சிட்டான்!" என்று யாரோ கத்த, மைதானம் குலுங்கிச் சிரித்தது. லோகேஷ் தலையைக் குனிந்துகொண்டான். 'இவள்தான் ஒட்டச் சொன்னாள்' என்று அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அதுதான் மோனிஷாவுக்குத் தாங்கவில்லை. "அவன் மேல தப்பு இல்ல," என்று உரக்கச் சொன்னாள். "ஒட்டுனா பாராசூட் எப்படி வரும்னு அவன் அப்பவே கேட்டான். நான்தான் கேக்கல. டீச்சர் சொன்னத நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்."

விஷயத்தைக் கேட்டதும் டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சாரமில்ல மோளே, போகட்டும். ஆனா இன்னைக்கு விட முடியாதே?"

"ஒட்டுன இடத்துக்குக் கீழ குழாயை அறுத்தா?" என்று மோனிஷா யோசித்தபடியே கேட்டாள். "குழாய் ரெண்டு விரக்கடை குட்டையாகும். அவ்வளவுதானே?"

லோகேஷ் நிமிர்ந்து பார்த்தான். "மூக்குல ஒட்டின அட்டைய எப்படி எடுக்க?"

"அட்டைதானே? சுடுதண்ணியில ஊறுனா உரிஞ்சு வந்திரும்."

மைதானத்தில் சுடுதண்ணீருக்கு எங்கே போவது? இருவரும் ஒரே சமயத்தில் கெட்டிலைப் பார்த்தார்கள்.

டீச்சர் முதலில் இன்ஜினைக் கழற்றித் தன் பைக்குள் பத்திரப்படுத்தினார். பிறகு பிளேடை எடுத்துக் குழாயைச் சுற்றி மெதுவாக அறுத்தார். "உள்ள மூக்கையும் குழாயையும் இணைக்கிற ரப்பர் நூலு டீச்சர், அது அறுந்திராம!" என்று லோகேஷ் பக்கத்திலேயே நின்று பதறினான். நூல் பிழைத்தது. பாராசூட்டும் பத்திரமாக வெளியே வந்தது. சிவப்பு மூக்கை ஒரு கிளாஸ் கட்டன்சாயாவில் முக்கினார்கள்.

"ராக்கெட்டுக்கே டீ குடுத்த மொத ஆளு நானாத்தான் இருப்பேன்," என்றார் சுருளியம்மாள். "அதுக்குச் சீனி போடணுமா, வேண்டாமா?"

பத்து நிமிடத்தில் அட்டை கொழகொழத்துவிட்டது. மோனிஷா நகத்தால் அதைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். லோகேஷ் மூக்கைத் துடைத்து, பாராசூட்டை மடித்து வைத்து, குழாயில் செருகினான். டீச்சர் தலைகீழாகப் பிடித்து ஆட்டினார். மூக்கு விழவில்லை. லேசாக இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது.

"இதாக்கும் சரி! கேப்டன், பட்டன்."

மோனிஷா பெட்டியை வாங்கினாள். கட்டைவிரல் துடித்தது. ஒரு வாரமாகக் காத்திருந்த விரல் அல்லவா! ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு, பெட்டியை லோகேஷ் கையில் வைத்தாள்.

"நீ அழுத்து."

"நானா? நீதான கேப்டன்?"

"கேப்டன்தான் சொல்றேன். அழுத்து."

இந்த முறை "பத்து" இன்னும் சத்தமாகக் கேட்டது. மூன்று, இரண்டு, ஒன்று... உஸ்ஸ்ஸ்! வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ராக்கெட் சீறிக் கிளம்பியது. மலைச்சரிவைத் தாண்டி, சிறு புள்ளியாகி, மேலே ஒரு கணம் நின்றது. 'டப்' என்று மெல்லிய சத்தம் கேட்டது. நீல வானத்தில் ஆரஞ்சு நிறம் மலர்ந்தது. மைதானம் கைதட்டி ஆர்ப்பரித்தது.

லோகேஷ் மட்டும் கண்களை இறுக மூடி, இன்னும் பட்டனை அழுத்திக்கொண்டே நின்றான்.

"மோனி... விரிஞ்சிருச்சா?"

"கண்ணத் தொறந்து பாருடா!"

ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு இன்னொன்றையும் திறந்தான். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே பாராசூட் ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நொடி, "நாங்க செஞ்சது! நாங்க செஞ்சது!" என்று கத்திக்கொண்டு அவன் அதைப் பிடிக்க ஓடினான். கையில் பட்டன் பெட்டி இருந்ததையே மறந்துவிட்டான். பின்னால் ஒயர் தரையில் இழுபட, ஒயருக்குப் பின்னால் டீச்சர் ஓட, எல்லோரையும் முந்திக்கொண்டு மோனிஷா ஓடினாள்.