சதுப்பில் நின்ற அளவுகோல்

காலை பதினொரு மணிக்கு நானும் என் தங்கையின் கணவரும் சதுப்பின் கரையில் ஜீப்பை நிறுத்தினோம். கண்ணுக்கு எட்டியவரை நாணல். நடுவே கிளை கிளையாகப் பிரிந்து கடலுக்கு ஓடும் ஓடைகள். ஆயிரக்கணக்கில் வெள்ளைப் பறவைகள். அவற்றைப் பார்க்க வருகிறவர்களுக்கு நடைபாதை போடப் போகிறார்கள்; மேடு பள்ளம் அளப்பது எங்கள் வேலை. அழகெல்லாம் சரிதான். காலை வைத்தால் முழங்கால்வரை விழுங்கும் இடம் எனக்கு ஒத்துவராது.

“நாலு மணிக்குக் கடல் தண்ணி ஏறிடும் மச்சான்,” என்றார் அவர்.

“மூணுக்கே வந்து சேருங்க மாப்பிள்ளை. தங்கச்சி வாயில விழ என்னால ஆகாது.”

அவர் உள்ளே போய் அளவுகோலை நிமிர்த்திப் பிடிப்பார். நான் கரையிலிருந்து, முக்காலியில் நிற்கும் மட்டக் கருவியின் தொலைநோக்கி வழியாகப் பார்ப்பேன். காற்றில் பேச்சு கேட்காது, கைச்சைகைதான். அதன் கண்ணாடியில் கோலும் அதைப் பிடித்த விரல்களும் மட்டுமே தெரியும்.

இரண்டரைக்குக் காற்று நின்று மூடுபனி இறங்கியது. சேற்று வாடை மூக்கை அடைத்தது. கருவியில் மட்டும் கோல் மங்கலாகத் தெரிந்தது. கெட்டி மண் வழியாகக் கரைக்கு வரச் சொல்லி இடக்கையை வீசினேன். கோல் அந்தப் பக்கம் நகர்ந்தது. வலக்கையை வீசினேன். அதற்கும் நகர்ந்தது. பரவாயில்லை, சொன்னபடி கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“மச்சான்... எந்தப் பக்கம்?”

குரல் கடல் பக்கமிருந்து வந்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்த கோல் அந்தப் பக்கம் இல்லை.

கருவியிலிருந்து கண்ணை எடுத்தேன். நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் இவ்வளவு நேரம் என் சைகையைப் பார்த்தது யார்?

அவருக்குக் காட்டவேண்டிய வழியை வேறு யாருக்கோ காட்டியிருந்தேன். தண்ணீரோ ஏறத் தொடங்கிவிட்டது. ஓடிப்போய் ஜீப்பின் ஹாரனை அழுத்தினேன். கையை எடுக்கவே இல்லை.

நெடுநேரம் கழித்து, மார்புவரை சேறோடு அவர் தவழ்ந்து வந்தார். இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

“பனி இறங்குனதும் ஒருத்தர் வந்து கோலை வாங்கிட்டாரு. நீங்க அனுப்புனதா சொன்னாரு.”

“நான் யாரையும் அனுப்பல.”

“தெரியும். போயிடலாம் மச்சான்,” என்றார் மெதுவாக.

கருவியை எடுக்கப் போனேன். அதன் எதிரே, எட்டித் தொடும் தூரத்தில், கோல் நிமிர்ந்து நின்றது.

பிடித்திருக்க ஆள் இல்லை. ஈரமண்ணில் சுவடும் இல்லை.

தொட்டேன். சில்லிட்ட உலோகத்தில், ஒரு கை பிடிக்கும் அளவுக்கு மட்டும், இன்னும் சூடு இருந்தது.